உதடு அசையும் வரைக்கும்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் முழங்காலும் சௌக்கியம். உன் உடம்பும் அத்தானின் கண்ணாடிக் கடையும் எப்படி? மூன்று வாரமாகப் போன் அடிக்கிறேன், மணி போகிறது, நீ எடுப்பதில்லை. அதனால் விடுதிக் காலத்துப் பழக்கத்தைத் தூசி தட்டிக் கடிதம் எழுதுகிறேன். என்மேல் என்ன கோபம் என்றாவது சொல்லிவிட்டுக் கோபித்துக்கொள்.

என்னைக் கால்பந்து லீக்கின் முதல் டிவிஷனுக்கு ரெஃப்ரீயாகப் போட்டுவிட்டார்கள். பொம்பளை ரெஃப்ரீயா என்று ஒரு வாரம் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டு சிவப்பு அட்டை கொடுத்ததும் சுருக்கம் போய்விட்டது.

இந்த டிவிஷன் முழுக்க உன் பிள்ளைகள்தான். நீ தமிழில் குரல் கொடுத்த அந்த ஜப்பான் கால்பந்து அனிமேயைப் பார்க்கப் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்த பொடியன்கள், இப்போது இருபது வயதில் இங்கே ஆடுகிறார்கள். சும்மா தட்டிவிட வேண்டிய பந்தையும் தலைகீழாகப் பாய்ந்துதான் உதைக்கிறார்கள். அதன் நாயகன் மின்னல் செய்கிற மாதிரி வலது கைச் சட்டையை மட்டும் சுருட்டிவிடுகிறார்கள். பெனால்டி என்றால் கண்ணை மூடி நிற்கிறார்கள், அவன் அரை எபிசோட் நிற்பானே, அப்படி. நான் விசிலடித்து எழுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு கோச் அழாத குறையாகச் சொன்னார்: "நான் கத்துக் குடுக்கறது ஒண்ணும் இவனுங்க காதுல ஏறல மேடம். அந்தக் கார்ட்டூன் பையன் முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டான்." அந்தக் கார்ட்டூன் பையன் என் அக்காதான் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அடி விழுந்திருக்கும்.

நேற்று ஒன்று நடந்தது. ஒன்பதாம் நம்பர் பந்தோடு தனியாகக் கோலை நோக்கி ஓடுகிறான். நான் பின்னால் ஓடுகிறேன். அப்போது உன் குரல் கேட்டது. மின்னலுக்காக மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு பேசுவாயே, அதே குரல். "இன்னும் கொஞ்சம்தான். கோல்போஸ்ட் தெரியுது. வலை ஆடுது பாரு." ஸ்டாண்டில் எவனோ போனை அலறவிட்டிருக்கிறான் என்று நினைத்தேன். இடைவேளையில், எல்லைக் கோட்டில் நிற்கும் கொடிக்காரரைக் கேட்டேன். "கூட்டம் கத்துன கத்துல என் குரலே எனக்குக் கேக்கல" என்றார்.

ஆனால் அந்த நேரத்தில் கூட்டமே கத்தவில்லை அக்கா. எனக்கு எல்லாம் அடங்கிப்போயிருந்தது. ஓடிக்கொண்டே இருந்தோம். கோல் வரவே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானைக் கேட்டதாகச் சொல்.
உன் சில்லு


மார்ச் 11

என் அருமைச் சில்லுவுக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறிய மாதிரிதான் இருக்கிறது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை அழகுக்கு வைத்திருக்கிறாயா? அத்தான் சுகம். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவருக்கு உப்பு டப்பா மட்டும் கண்ணில் படுவதில்லை.

கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. தொண்டை கட்டியிருக்கிறது. கொஞ்ச நாள் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. கடைசி சீசனில் கடைசி எபிசோட் ஒன்றுதான் பாக்கி, அதற்குள் இப்படி. ஸ்டூடியோ சவுண்ட்காரர் தினம் வந்து என் தொண்டையை நலம் விசாரித்துவிட்டுப் போகிறார். என்னை இல்லை, தொண்டையை.

காதைச் சுத்தம் செய். முதல் வேலையாக அதைச் செய்.

ஆனால் ஒரு விஷயம். "வலை ஆடுது பாரு" என்பது வசனத்தாளில் கிடையாது. மின்னல் பந்தோடு ஓடும்போது பேசிக்கொண்டே ஓடுவான். ஜப்பான் மொழியில் வசனம் அவ்வளவு நீளம். நமக்கு நாலு வார்த்தையில் முடிந்துவிடும், திரையில் அவன் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். உதடு அசையும் வரைக்கும் எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். அப்போதெல்லாம் நான் என் மனதில் ஓடுவதை முணுமுணுத்துவிடுவேன். அந்த வரி அப்படிப் போட்டது. எனக்கே மறந்துபோயிருந்தது.

அதை இத்தனை வருஷம் கழித்து ஒருவன் ஞாபகம் வைத்திருக்கிறானா? சந்தோஷமாக இருக்கிறது. கொஞ்சம் ஒரு மாதிரியாகவும் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயில் ஏறிவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் தொண்டைக்கட்டு விட்டதா? காது டாக்டரிடம் போனேன். "இவ்வளவு நல்ல காதை நான் பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார்.

அது போனும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. ஆடுகிறவர்கள் மனதில் நினைப்பதுதான் எனக்குக் கேட்கிறது. உதடு மூடியிருக்கும், உன் குரல் வரும். எல்லோருக்கும் உன் குரல்தான். ஆறடி உயர கோல்கீப்பர், தாடிக்காரத் தடுப்பாட்டக்காரன், எவனாக இருந்தாலும் மின்னல் மாதிரித்தான் உள்ளே பேசிக்கொள்கிறான். உன்னைக் கேட்டுக் கேட்டு வளர்ந்ததில் தனக்கென்று ஒரு குரல் வைத்துக்கொள்ளவே மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைக்காதே. போன மேட்ச்சில் அதே ஒன்பதாம் நம்பர் பெட்டிக்குள் நுழையும்போது, "இங்க விழுந்தா பெனால்டி" என்று உன் குரலில் நினைத்தான். நான் மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவன் விழுந்தான். ஸ்டாண்ட் முழுக்கச் சிரிப்பு. அவன் தரையில் கிடந்தபடியே என்னைப் பார்த்தான். பேயைப் பார்க்கிற பார்வை.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கடைசியில் ஒரு கார்னர் கிக். எல்லோரும் பந்துக்காகக் காத்து நிற்கிறார்கள். அப்போது கேட்டது: "வெந்நீர்ல உப்புப் போட்டும் கேக்கல. நாளைக்கு ரிசல்ட் வந்துடும். அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

மின்னலுக்கு என்ன ரிசல்ட் அக்கா? இது எந்த எபிசோட்?

உடனே பதில் போடு.
சில்லு


ஏப்ரல் 20

அன்புள்ள சில்லுவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். உன் வெயில் எப்படி இருக்கிறது? தொப்பி போடு. ரெஃப்ரீ தொப்பி போடக் கூடாது என்று சட்டம் இருந்தால் அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்.

நீ கேட்ட வரி எந்த எபிசோடிலும் இல்லை.

தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி இருக்கிறதாம். எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இதற்காக நீ மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஓடி வராதே. இப்போதுதான் பெரிய டிவிஷனில் கால் வைத்திருக்கிறாய். என் மற்ற வேலைகளுக்கு ஸ்டூடியோவில் தற்காலிகமாக ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். நன்றாகப் பேசுகிறாளாம். அத்தான் புதிதாகக் கண்ணாடிச் சட்டங்கள் இறக்கியிருக்கிறார். எல்லாம் வழக்கம் போலத்தான்.

அந்தக் கார்னர் கிக் எத்தனை மணிக்கு? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கு என்ன என்பதை இனி நீ சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கார்னர் கிக்கின்போது ஐந்தரை மணி இருக்கும். நீ அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாய். பச்சை நாற்காலி. பக்கத்தில் ஒரு ஆள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், அந்த வாசனை உனக்குக் குமட்டியது. இதெல்லாம் அடுத்த மேட்ச்சில் கேட்டேன். நீ அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாய் போல. ஒரு தடுப்பாட்டக்காரன் ஆரஞ்சு ஆரஞ்சு என்று நினைத்தபடி நின்றுவிட்டான், பந்து அவன் காலுக்கு நடுவில் போய்விட்டது.

சின்னக் கட்டியாம். குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று சொன்னதை ஏன் எழுதவில்லை? "குரல் போயிட்டா நான் யாரு?" என்று நீ அத்தனை தடவை நினைத்தாயே, ஒரு தடவை எனக்கு எழுதக் கூடாதா? பக்கம் பக்கமாக உப்பு டப்பா கதை எழுதத் தெரிகிறது.

நீ என் அக்கா. நீதான் நான். நான் வருகிறேன். எந்த வண்டி என்று மட்டும் சொல்.
சில்லு


மே 6

சில்லு,

நான் எழுதாததற்கு நீ பதில் எழுதாதே. பயமாக இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் எதையும் நினைக்காமல் நிற்கப் பார்த்தேன். முடியவில்லை. நினைக்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம். எல்லாம் உண்மை. பச்சை நாற்காலியும் உண்மை. பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். குரல்வளையை முழுசாக எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. பேச்சு கிடையாது. உயிர் இருக்கும் என்று சொல்கிறார்கள், ஏதோ சலுகை கொடுப்பது போல.

நான் பெரிய அழகி இல்லை, படிப்பும் சுமார். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான் சில்லு. ரேஷன் கடையில் வரிசையில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அது போகிறது.

வராதே. கடைசியாக என் குரலைக் கேட்க வருகிறாய் என்றால், உனக்கு அங்கேயேதான் கேட்கிறதே. இங்கே எனக்கு ஏற்கெனவே காற்றுதான் வருகிறது.

ஒரு சோதனை வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை உன் மேட்ச் நடக்கும்போது நான் ஒன்றை நினைப்பேன். கேட்டால் எழுது. கேட்காவிட்டால் நம் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று நிம்மதியாக இருக்கலாம்.

அத்தான் உன்னை விசாரித்தார்.
அக்கா


மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

நிம்மதி நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இரண்டாவது பாதி. பந்து நடுமைதானத்தில் இருக்கிறது. நான் உன் ரகசியத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு ஓடி ஓடி, ஒரு கட்டத்தில் அதை மறந்தே போனேன். அப்போது பின்னாலிருந்து வந்தது. "தூங்கிட்டியா?"

என்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "தூங்கிட்டேன்!"

விடுதியில் விளக்கணைத்த பிறகு நீ மேல் கட்டிலிலிருந்து கேட்பதும் நான் கீழிருந்து சொல்வதும், இருபது வருஷம் ஆகிறது. வாய் மறக்கவில்லை. பக்கத்திலிருந்த இரண்டு பேர் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

ஆனால் ஆட்டம் முடிந்து போகும்போது ஒன்பதாம் நம்பர் தயங்கித் தயங்கி வந்தான். "மேடம், உங்களுக்கும் கேக்குதா?"

"என்ன?"

"சின்ன வயசுல இருந்து எனக்கு உள்ள மின்னல்தான் பேசுவான். ஓடுடா, விடாதடான்னு சொல்லுவான். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். இப்ப கொஞ்ச நாளா அவன் என்னென்னவோ சொல்றான் மேடம். நான் பந்த பாத்துட்டு இருக்கேன், அவன் அழுதுட்டு இருக்கான்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பத்தொன்பதாம் தேதி எனக்கு மேட்ச் இல்லை. இருந்திருந்தால் உன்கூட இருந்திருப்பேன். தைரியமாக இரு என்று எழுதத் தெரியவில்லை. நானே தைரியமாக இல்லை.

சில்லு


மே 24

அன்புள்ள மைத்துனிக்கு,

உன் நலம் அறிய விருப்பம். பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர்களுக்குத் திருப்தி. மூச்சு சீராக இருக்கிறது. கஞ்சி குழாய் வழியாகப் போகிறது.

எழுதிக் காட்டுவதற்காக ஒரு ஸ்லேட்டும் பல நிறப் பென்சில்களும் வாங்கிக் கொடுத்தேன். எதையும் தொடவில்லை. நான் தினமும் கடை விஷயங்களைச் சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறாள் என்றே நினைக்கிறேன். நேற்று ஒரு வாடிக்கையாளர் தலைமேல் கண்ணாடியை வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிய கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிக்கக்கூடிய கதை அது.

உன்னை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் கண்தான் சோதிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
அத்தான்


ஜூன் 9

அக்கா,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு எழுதத்தான் இத்தனை வருஷமும் பழக்கம். இந்தத் தடவை கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும்.

ஜூன் ஒன்றாம் தேதி மேட்ச்சில் நீ என்ன நினைத்தாய் என்று உனக்கும் தெரியும். ஒருவன் தலையிலிருந்து வரவில்லை. இருபத்திரண்டு பேர் தலையிலிருந்தும் ஒன்றாக வந்தது. "இனி எதுக்கு நான்?"

எல்லோரும் நின்றுவிட்டார்கள் அக்கா. கோல்கீப்பர் வலைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். பந்து தன்பாட்டுக்கு உருண்டு கோட்டைத் தாண்டியது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டாண்டில் ஈ பறந்தால் கேட்கும். ஒன்பதாம் நம்பர் மட்டும் நிற்கவில்லை. கண் திறந்திருக்கிறது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. நேராக ஓடிப் போய்க் கோல்போஸ்ட்டில் மோதினான். தோள் எலும்பு முறிந்த சத்தம் நான் நின்ற இடம் வரை கேட்டது.

விசிலடித்து மேட்ச்சை முடித்துவிட்டேன். பாதியில். அந்தச் சட்டையோடு, விசில் கழுத்தில் தொங்க, பஸ் ஏறினேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். கழுத்துத் துணி மட்டும் ஏறி இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து "தூங்கிட்டியா?" என்று கேட்டேன். நீ திரும்பவில்லை. மறுநாள் விசாரணைக்குக் கூப்பிட்டதால் திரும்பிவிட்டேன்.

எதற்கு மேட்ச்சை நிறுத்தினாய் என்றார்கள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். யார் வந்து சொன்னது என்றார்கள். இரண்டு டீமும் சேர்ந்து சொன்னது என்றா சொல்ல முடியும்? ஆறு வாரம் விலக்கி வைத்திருக்கிறார்கள். போகட்டும்.

ஒன்பதாம் நம்பரைப் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்டிருக்கிறான், வேறு ஒன்றும் இல்லை. மின்னலின் குரல் என் அக்காதான் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லச் சொன்னான்: "அவன அழ வேணாம்னு சொல்லுங்க மேடம். எங்க வீட்ல சண்ட நடக்கும்போதெல்லாம் அவன்தான் எங்கூட பேசிட்டு இருப்பான்."

நீ இருக்க வேண்டும் அக்கா. குரல் இல்லாமல் இரு. கோபமாக இரு. சுவரைப் பார்த்துக்கொண்டாவது இரு. எனக்கு அது போதும்.
சில்லு


ஜூலை 1

என் சில்லுவுக்கு,

ஸ்லேட்டைத் தொட மாட்டேன் என்று அத்தானிடம் வீம்பு பிடித்ததால் காகிதத்தில் எழுதுகிறேன். எழுந்து உட்காருகிறேன். கஞ்சி வாய் வழியாக இறங்குகிறது. உன் முழங்காலைப் பற்றி நீ எழுதவே இல்லையே.

நான் தூங்கவில்லை. நீ கேட்டது காதில் விழுந்தது. திரும்பினால் பதில் சொல்ல வாயைத் திறப்பேன், காற்றுதான் வரும், அதை நீ பார்த்துவிடுவாய் என்று திரும்பவில்லை.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? ஆபரேஷன் ஆன பிறகு உன் பையன்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. என் தொண்டையில் ஒன்றும் இல்லை, ஆனால் எங்கேயோ ஒரு மைதானத்தில் இருபத்திரண்டு பேர் என் குரலை வைத்திருக்கிறார்கள். மேட்ச் நேரம் வந்ததும் படுத்துக்கொண்டு வேண்டுமென்றே நினைப்பேன். வலிக்குது, தாகம், விளக்கை அணைங்க. யாரிடமாவது பேசினது போல இருக்கும். பிறர் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தேன். அந்தப் பிள்ளையின் தோள் எலும்பை நான்தான் உடைத்தேன்.

கடைசி எபிசோட் இன்னும் பேசப்படாமல் இருக்கிறது. அதை நான் பேசப் போகிறேன். சவுண்ட்காரரைப் படத்தோடு வீட்டுக்கு வரச் சொல்லி எழுதி அனுப்பினேன். என் கழுத்தைப் பார்த்து முதலில் அழுதார். பிறகு திரையை எங்கே மாட்டலாம் என்று சுவரைத் தட்டிப் பார்த்தார். தொழில்காரர்.

ஜூலை பத்தொன்பதாம் தேதி, நீ திரும்ப மைதானத்தில் இறங்குகிற அன்று, உன் மேட்ச் நேரத்தில் பேசுகிறேன். சத்தம் இருக்காது. உதட்டை அசைத்து, மூச்சை எடுத்து, வரிக்கு வரி. கடைசியில் மின்னல் தன் சட்டையைக் கழற்றிச் சின்னவன் ஒருவனிடம் கொடுக்கிறான். "இனி நீ ஓடு. நான் இங்கேயே நிக்கிறேன்." அதோடு உதட்டை மூடுகிறான். முதல் தடவையாக வசனமும் உதடும் ஒன்றாக முடிகிறது, நிரப்ப இடமே இல்லை.

அதற்குப் பிறகு அவன் பேச ஒன்றும் இருக்காது. எனக்கும் எங்கேயும் குரல் இருக்காது. தெரிந்துதான் செய்கிறேன். நன்றாகக் கேட்டுக்கொள்.
அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வீங்கியிருக்கிறது, எண்ணெய் தேய்த்தேன். உன் கழுத்துப் புண் ஆறியதா? காற்று பட்டால் எரிகிறதா?

எல்லாம் கேட்டது. மேட்ச் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தக் கரகரப்பு வந்தது, நீ பேச ஆரம்பிக்கும் முன் மூச்சு இழுப்பாயே. பையன்கள் எல்லோர் தலையும் லேசாக நிமிர்ந்தது. பிறகு அவர்கள் ஆடியது நான் இதுவரை பார்க்காத ஆட்டம். ஒருவரும் பிழை செய்யவில்லை. ஒரு ஃபவுல் இல்லை. நான் விசிலை வாயில் வைக்கவே வேண்டியிருக்கவில்லை. கூட்டமும் எழுந்து நின்றதே தவிரச் சத்தம் போடவில்லை. கட்டுக் கையோடு ஒன்பதாம் நம்பர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் கோல்கீப்பர் பந்தை உயர உதைத்தான். போனது போனதுதான். என் கைக்கடிகார முள் அசையவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறோம், பந்து மேலே நிற்கிறது. மைதானத்துக்கு எல்லை தெரியவில்லை. அப்போது சொன்னாய்: "இனி நீ ஓடு. நான் இங்கேயே நிக்கிறேன்."

பந்து கீழே விழுந்தது. கூட்டத்தின் இரைச்சல் காதை அடைத்தது. அவ்வளவுதான். ஒருவர் வீட்டை விட்டுப் போனதும் அவருடைய காலி அறையைப் பார்ப்பது போலப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு நெட்டைப் பையன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினான். என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. காலியான கோலுக்கு வெளியே அடித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்தக் கழுதை சிரித்தான். ஒன்பதாம் நம்பர் மட்டும் அழுதான்.

நானும் அழுதேன். மழை என்று கொடிக்காரரிடம் சொன்னேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் டிவியில் பழைய எபிசோட் ஒன்றைப் போட்டேன். மின்னல் பேசினான். நன்றாகத்தான் பேசினான். யாரோ ஒரு பையன் குரல், அக்கா. உன்னைக் காணவில்லை.

உன் கடிதங்களை எடுத்து வைத்து வாசித்தேன். முன்பெல்லாம் எடுத்ததுமே நீ பேசுவாய். உப்பு டப்பா, தொப்பி போடு, எல்லாம் உன் குரலில் வரும். இப்போது என் குரலில்தான் கேட்கிறது. மூக்கை அடைத்துக்கொண்டுகூட வாசித்துப் பார்த்தேன். எனக்கு உன் குரல் எப்படி இருந்தது என்றே ஞாபகம் வரவில்லை.

எழுது. எதையாவது எழுது.
சில்லு


ஆகஸ்ட் 9

என் அருமைச் சில்லுவுக்கு,

புண் ஆறிவிட்டது. அத்தான் சொன்ன தலைமேல் கண்ணாடிக் கதைக்கு நேற்றுத் திடீரென்று சிரிப்பு வந்தது. சத்தம் இல்லாமல் குலுங்கியதைப் பார்த்து வலிப்பு என்று பயந்து டாக்டருக்குப் போன் போடப் போய்விட்டார். ஸ்லேட்டை எடுத்து "சிரிப்பு" என்று எழுதிக் காட்டினேன். அதுதான் ஸ்லேட்டில் முதல் எழுத்து.

உனக்கு என் குரல் ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் இல்லை. பேசி முடித்த அன்று உள்ளே எல்லாம் வெறிச்சென்று இருந்தது. என்னிடமே ஒன்றும் பேசிக்கொள்ள முடியவில்லை. உயிரோடுதான் இருக்கிறேனா என்றுகூடச் சந்தேகம் வந்தது.

இரண்டு நாள் கழித்து, பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். "அடுப்ப பாரு, அடுப்ப பாரு!" என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. கீச்சென்று, விசில் மாதிரி. யார் என்று உனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் நினைப்பதெல்லாம் உன் குரலில்தான் வருகிறது. இந்தக் கடிதத்தையும் நீதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், நான் எழுதுகிறேன். அதனால்தான் என் கடிதங்கள் உனக்கு அங்கே உன் குரலிலேயே கேட்கின்றன. பயப்படாதே, எனக்குப் பயமாக இல்லை. வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

ஒன்று மட்டும். போன ஞாயிற்றுக்கிழமை கொடிக்காரரை மனதுக்குள் என்ன வார்த்தை சொல்லித் திட்டினாய்? பாவம், வயதான மனிதர். நான் அத்தானுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன், கரண்டியை நழுவவிட்டுவிட்டேன். இனிமேல் பார்த்து நினை.

நீ தினமும் விளக்கை அணைத்த பிறகு ஒன்று கேட்கிறாய். வாய்விட்டுக்கூட இல்லை, சும்மா மனதுக்குள். எனக்குச் சொல்லவில்லை, எழுதவும் இல்லை. ஆனாலும் கேட்கிறது.

தூங்கிட்டேன்.

அக்கா